எலப்புள்ளிக்கு இருபத்திரண்டு மைல்

ஒன்பதாவது உதைக்கும் வண்டி எழும்பவில்லை. அப்புசாமி வேட்டியை இன்னும் ஒரு சுற்று ஏற்றிக் கட்டிக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கிக்கர் மேல் இறக்கிப் பத்தாவது தடவையும் உதைத்தான். உள்ளுக்குள் ஒரு தும்மல் கேட்டது. அதோடு சரி. கொல்லங்கோட்டைத் தாண்டி இரண்டு மைல்கூட வரவில்லை. முதலமடையில் கிளம்பியதிலிருந்து வண்டி நிற்பது இது இரண்டாவது தடவை.

பனைமரத்து ஒற்றை நிழலில் அவன் மனைவி நாச்சம்மாள் ஒரு மஞ்சள் துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி நின்றாள். மூட்டைக்குள் ஒரு புதுச் சேலை, மஞ்சள் கிழங்கு, குங்குமம், வாழையிலையில் சுற்றிய பூ. அப்புசாமியின் அக்கா கருப்பாத்தாள் அன்று விடியக்காலம் எலப்புள்ளியில் இறந்துபோயிருந்தாள். தாலியோடு போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் பாடை தூக்குவதில்லை. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் அந்தக் கோடியைக் கொண்டுபோக மிச்சமிருந்தவன் கூடப்பிறந்த இவன் ஒருவன்தான்.

"ஏனுங்க, நானும் ஒரு கை தள்ளட்டுங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

"மூட்டைய என்ன பண்ணுவ?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. கோடியைக் கையில் எடுத்தால் போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது, வேறு ஆள் கையில் கொடுக்கவும் கூடாது. அவள் மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பதினொரு மணி ரயிலில் வந்து இறங்கிய பொங்கியண்ணன்தான் சேதி சொன்னார். எலப்புள்ளியில் அக்காளின் புருஷன், மச்சான் ஆறுச்சாமிக்கு அடுத்த தோட்டத்துக்காரர். வாசலிலேயே நின்றுகொண்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அக்கா போயிட்டாங்க அப்புசாமி. ஒடம்புல நீர் கோத்து ஊதிக் கெடக்குது. இந்த வெயிலுக்கு வெச்சிருக்க முடியாது, நாலு மணிக்கு எடுத்துருவாங்க. அதுக்குள்ள நீங்க வரலீன்னா, உங்க பங்காளி சென்னியப்பன் ஊட்டுல இருந்து கோடி போட்டுக்கலாம்னு பேசி வெச்சிருக்கறாங்க."

திரும்பிப் போகிற ரயில் ஆறு மணிக்குத்தான். மாட்டு வண்டி பூட்டினால் பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஓடினால் ஒன்றரை மணி நேரம். ஓடினால்! அந்த ஒரு சொல்லில்தான் ஒரு மாதமாக அப்புசாமியின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அவன் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. மூடியை மறுபடி திருகிவிட்டு, சாமியை நினைத்துக்கொண்டு உதைத்தான். இரண்டாவது உதைக்கு வண்டி படபடவென்று உயிர்பிடித்தது. இந்த ஆங்காரத்தைப் பத்து உதைக்கு முன்னாலேயே காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அதை வாய்விட்டுத் திட்டினான்.

"ஏறு புள்ள, ஏறு. சூடு ஆறுனாத்தான் கெளம்பும் போல இருக்குது இந்தச் சனியன்."

நாச்சம்மாள் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு கையால் மூட்டையையும் மறுகையால் இருக்கைக் கம்பியையும் பிடித்துக்கொண்டாள். வண்டி வாங்கின நாளிலிருந்து அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டான். மாட்டேன் என்று ஒரே சாதனையாய்ச் சாதித்தவள். மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து போகிற பொம்பளையை அந்தத் திசையில் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்குப் பொங்கியண்ணன் சொல்லி வாய் மூடுவதற்குள், "நானும் வாரனுங்க, கோடிய யாரு புடிக்கறது?" என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கொல்லங்கோட்டுக் கடைவீதியில் கோடிச் சேலை எடுக்க இறங்கியபோது, கடை கடையாய் ஜனம் எழுந்து நின்று பார்த்தது. அவள் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி பழசு. நெல்லியாம்பதித் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பல் ஏறும் முன் விற்றுவிட்டுப் போனது. கடலையும் சோளமும் விதைக்கிறவனுக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. அப்புசாமிக்கும் பதில் தெரியாது. ஆசை, வேறென்ன! வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது சங்கிலி தொளதொளவென்று தொங்கிற்று. பெட்ரோல் குழாயில் சொட்டுச் சொட்டாய்க் கசிவு. கிளட்ச் கம்பியில் நாலு இழை அறுந்திருந்தது. ஹாரனை அமுக்கினால் தவளை மாதிரி ஒரு முனகல் மட்டும் வந்தது. ஒவ்வொன்றாக அவனே பார்த்தான். சங்கிலியை இழுத்துக் கட்டினான். கசிகிற இடத்தில் சவக்காரச் சோப்பைப் பிசைந்து அடைத்தான். கம்பியை மாற்றினான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்து நாச்சம்மாளிடம் வசவு வாங்கினான். இத்தனை சந்தோஷமாய் அவன் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆனால் இந்த நின்றுபோகிற கோளாறு மட்டும் பிடிபடவில்லை. மூன்று மைல், நாலு மைல் குதிரையாய் ஓடும். அப்புறம் தொண்டை அடைத்துக்கொண்டது போல இருமி, நடு ரோட்டில் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினான். பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டினான். அவர் கார்பரேட்டரை அக்கு அக்காய்ப் பிரித்துக் கழுவி மாட்டி, "இனி நிக்காதுங்க, நிச்சிந்தையா போங்க" என்றார். ஐந்தாவது மைலில் நின்றது.

வண்டித்தாவளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இப்போதும் அதே இருமல் வந்தது. அப்புசாமி முறுக்கினான், கெஞ்சினான், கிளட்சை விட்டு விட்டுப் பிடித்தான். வண்டி தன் பாட்டுக்கு ஓரமாய் ஊர்ந்துபோய் ஒரு இலந்தைப் புதருக்குப் பக்கத்தில் நின்றது. மூன்றாவது தடவை.

உதைத்தான். உதைத்தான். ஆறாவது உதையில் கிக்கர் எகிறிக் கெண்டைக்காலில் அடித்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். மாசி மாதத்துக் காற்று புழுதியை அள்ளி அவன் மேல் கொட்டியது. சூரியன் உச்சியை விட்டு நன்றாகச் சரிந்துவிட்டது. இன்னும் பாதித் தூரம் இருந்தது.

"ரத்தம் வருதுங்க," என்றாள் நாச்சம்மாள்.

"வரட்டும்."

"ஒரு வாய் தண்ணி குடிங்க."

"என்னைய அடிச்சுக் கொல்லோணும் புள்ள." அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதான். "நாலு காகிதம் போட்டேன் அக்காளுக்கு. வண்டி சரியாவட்டும், வெள்ளிக்கெழம வாரேன், வெள்ளிக்கெழம வாரேன்னு. மச்சான் எழுதியிருந்தாரே, அவளுக்கு ஒடம்புக்குச் சொகமில்லைன்னு. மாட்டு வண்டியப் பூட்டீட்டு ஒரு எட்டுப் போயிட்டு வந்திருக்க மாட்டேனா? மோட்டாருல வந்து கூட்டீட்டுப் போறேன்னு வாய் குடுத்துட்டு, மாட்டு வண்டியில போயி எறங்குனா அவ சிரிப்பாளேன்னு இருந்துட்டேன். சிரிச்சா என்னடா உனக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

தானாவது கேட்டிருக்கலாம் என்று நாச்சம்மாளுக்குத் தோன்றியது.

வாங்கின மூன்றாம் நாளே அவன் வண்டியை எலப்புள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனான். அக்காளிடம் காட்டாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கருப்பாத்தாளுக்கு அவனைவிட ஐந்து வயது மூப்பு. சின்ன வயசில் மாட்டு வண்டியின் ஏர்க்கால்மேல் நின்றுகொண்டு சவாரி ஓட்டி அப்பனிடம் அடி வாங்கியவள். பிள்ளைகுட்டி இல்லை. அந்தக் குறை முகத்தில் தெரியாமல் வாயால் எல்லாரையும் கலகலவென்று வைத்திருப்பாள். அன்றைக்கு வாசலில் நின்ற வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏஞ்சாமி, கொம்பு இருக்குது. கண்ணு ஒண்ணே ஒண்ணு இருக்குது. வாலுல பொகை வருது. பால் எத்தனை படி கறக்கும்?"

ஆறுச்சாமிகூடச் சிரித்தார். சாதாரணமாய்ப் பல் தெரியாத மனுஷன்.

தேங்காயைச் சுற்றி உடைத்தாள். சந்தனத்தைக் கெட்டியாய் அரைத்துக்கொண்டு வந்து, பட்டிப் பொங்கலுக்கு மாட்டை ஜோடிப்பது போல உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடி இரண்டுக்கும் பொட்டு. விளக்குக்குப் பொட்டு. சக்கரத்துக்குப் பொட்டு. அப்புறம் நிமிர்ந்து, "நெத்தி எங்கீடா இதுக்கு?" என்று கேட்டாள். அவன் விளையாட்டாய்த் தொட்டியின் மேலிருந்த வெள்ளி மூடியைத் தொட்டுக் காட்டினான். அதன் நடுவில் கட்டைவிரல் நிறையச் சந்தனம் வைத்து அழுத்தி, மேலே குங்குமம் வைத்தாள். யார் கண்ணும் படாது போ என்றாள்.

கிளம்பும்போது பின்னிருக்கையைத் தட்டிப் பார்த்தாள். "அடுத்த தடவை என்னைய இதுல ஒக்கார வெச்சு நம்மூட்டுக்குக் கூட்டீட்டுப் போடா."

"ஊரு சிரிக்குமக்கா."

"சிரிக்கட்டுமே. பல்லு வலிச்சா அவங்களுக்குத்தானே வலிக்கும்?"

அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு வந்தான். அது நடந்து முப்பத்தைந்து நாள் ஆகிறது.

பாரம் ஏற்றிய மாட்டு வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். எலப்புள்ளி என்றதும் சூரியனை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நான் சித்தூருக்குப் போகவே பொழுது எறங்கீருமுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். சக்கரச் சத்தம் தேய்ந்து போயிற்று.

"ஏனுங்க," என்றாள் நாச்சம்மாள் மெதுவாக. "ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?"

"சொல்லு."

"ரெண்டு தடவையும் நான் பாத்துட்டேதான் நின்னேன். பத்து ஒதை ஒதைச்சீங்க, கெளம்பல. பெட்ரோல் இருக்குதான்னு மூடியத் தொறந்து பாத்தீங்க. அப்பறம் ரெண்டே ஒதையில கெளம்பீருச்சு."

"அதுக்குள்ள சூடு ஆறியிருக்கும்."

"சூடு ஆறுனா உஸ்ஸுன்னு ஏனுங்க சத்தம் வருது? மூச்சுக்குத் தவிச்சுட்டுக் கெடந்த மாதிரி இழுக்குதுங்க. மண்ணெண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்துனா, கொஞ்சம் ஊத்தீட்டு நின்னு போகுது. மேல காத்துக்கு இன்னொரு ஓட்டை போட்டாத்தான் நிக்காம ஊத்தும். இதுக்கு அந்தக் காத்து ஓட்டை எங்கீங்க இருக்குது?"

அப்புசாமி அவளை நிமிர்ந்து பார்த்தான். எழுந்தான். மூடியைத் திருகினான். உஸ்ஸென்றது. இந்தத் தடவை தொட்டிக்குள் பார்க்காமல் மூடியைத் தலைகீழாய்ப் புரட்டிப் பார்த்தான். உள்பக்கம் நட்டநடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதை வெயிலுக்கு நேரே கண்ணருகில் பிடித்தான். வெளிச்சம் வரவில்லை. மூடியை மேல்பக்கமாய்த் திருப்பினான்.

அக்கா வைத்த பொட்டு. காய்ந்து, கல்லாய் இறுகி, குங்குமம் கறுத்து, அப்படியே இருந்தது.

ஒரு மாதமாய்த் தினமும் வண்டியைத் துடைத்தான். மற்ற இடங்களில் இருந்த பொட்டெல்லாம் புழுதியிலும் துணியிலும் போய்விட்டது. இதை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்தான். பொள்ளாச்சி மெக்கானிக் துணியோடு மூடிப் பக்கம் போனபோது, "அதத் தொடாதீங்க, எங்கக்கா வெச்சது" என்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். அவரும் சாமி காரியமாக்கும் என்று விட்டுவிட்டார். எலப்புள்ளிக்குப் போனபோது ஒரு இடத்திலும் நிற்காத வண்டி, திரும்பி வருகையில்தான் முதல் தடவையாக நின்றது. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"புள்ள," என்றான். மூடியை அவளுக்கு நேரே நீட்டினான்.

நாச்சம்மாள் பார்த்தாள். அவளுக்கும் யார் வைத்த பொட்டென்று தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதையா நான் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வெச்சா. நெத்தி இதுதான்னு காட்டுனதே நான்தான். நானே காட்டி, நானே காவல் காத்து, அவள ஒருக்காப் பாக்காம உட்டுட்டனே!"

"அப்படி எல்லாம் நெனைக்காதீங்க." அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "ஆசையா வெச்சாங்க, ஆசையா வெச்சிருந்தீங்க. நங்கையா இருந்திருந்தா இதக் கேட்டுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாங்க."

நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் சொன்னது மெய்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. கருப்பாத்தாள் சிரித்திருப்பாள். சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று போட்டிருப்பாள்.

மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தான். குலுங்குகிற குலுங்கலில் பெட்ரோல் சிந்தி, கொதிக்கிற எஞ்சின் மேல் வழியும். பின்னால் இவள் சேலை, கோடிச் சேலை. வேண்டாம். இலந்தைப் புதரிலிருந்து நல்ல நீளமாய் ஒரு முள்ளை ஒடித்துக்கொண்டு வந்தான்.

பொட்டின் மேல் முள்ளை வைத்தவன் கையை எடுத்துவிட்டான். சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை வட்டம் வட்டமாய்ப் பதிந்திருந்தது. இத்தனை நாள் அதை அவன் பார்த்ததில்லை. அந்தக் கட்டைவிரலை இப்போது எலப்புள்ளியில் துணியால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

"நான் குத்தட்டுங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

"நீ கோடியப் புடிச்சிருக்கற. நானே பண்ணறேன்."

பொட்டு குலையாமல் துளையை மட்டும் திறந்துவிடலாம் என்று மூடியைப் புரட்டி, உள்பக்கத்திலிருந்து முள்ளை ஏற்றினான். மெதுவாய்த் திருகினான். கொஞ்சம் கொஞ்சமாய் மாவு உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். டக்கென்று மேலே பொட்டு இரண்டாய்ப் பிளந்து, பெரிய பாதி தெறித்துக் கீழே விழுந்தது. முழங்காலிட்டுப் புழுதியைத் துழாவினான். மண்ணும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"உடுங்க," என்றாள் அவள். "நேரமாகுதுங்க. அவங்க காத்துட்டு இருப்பாங்க."

அவன் எழுந்து, மூடியில் வாயை வைத்து ஊதினான். துளை வழியே காற்று போயிற்று. மூடியைத் திருகிவிட்டு உதைத்தான். முதல் உதைக்கே வண்டி எடுத்துக்கொண்டது.

அப்புறம் அது எங்கேயும் நிற்கவில்லை.

வண்டித்தாவளத்தைத் தாண்டியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்று மைல் ஆயிற்று. இப்போது இருமும், இதோ இருமும் என்று காதை வைத்திருந்தான். நாலு மைல், ஐந்து மைல். இருமல் வரவில்லை. சித்தூர்க் கடைவீதியில் ஆட்கள் ஓரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வண்டி தறியில் நூல் ஓடுகிற மாதிரி ஒரே சீராய் ஓடிற்று. இவ்வளவு நல்ல வண்டியா இது! இதில் ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவளை உட்கார வைத்து, தெருமுனைவரைக்குமாவது போய்வந்திருக்கலாம். கண்ணீரும் புழுதியும் சேர்ந்து முகத்தில் அப்பிக்கொண்டன. துடைக்கக் கை இல்லை. அப்போது பின்னாலிருந்து நாச்சம்மாளின் கை கம்பியை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தது. பத்து வருஷத்துக் குடித்தனத்தில் வெட்டவெளியில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எலப்புள்ளிவரை அவள் கையை எடுக்கவில்லை.

ஊர் எல்லைக்கு வரும்போதே தப்பட்டைச் சத்தம் கேட்டது. தோட்டத்துச் சந்துக்குள் திருப்பினான். வாசலில் பாடை கட்டி முடித்து, பச்சை மூங்கில் மேல் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து உடம்பைக் குளிப்பாட்டியாகிவிட்டது. பங்காளி சென்னியப்பன் ஒரு புதுச் சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தயாராய் நின்றிருந்தார்.

மோட்டார் சத்தத்தில் தப்பட்டை நின்றுபோயிற்று. எல்லாத் தலையும் திரும்பியது.

"வந்துட்டான்பா பொறந்தவன்!" என்றார் சென்னியப்பன். தோளிலிருந்த சேலையை அவசரமாய் உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "போ சாமி, போ. நல்ல நேரத்துக்கு வந்த. எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறிட்டு இருந்துச்சு, கூடப் பொறந்தவன் இருக்கையில நான் எப்படிப் போடறதுன்னு."

வண்டியைச் சந்திலேயே நிறுத்திவிட்டு ஓடினான். நாச்சம்மாளைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து, கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் அழுதுகொண்டே மூட்டையைப் பிரித்தாள். சேலையை அப்புசாமி கையில் எடுத்துக் கொடுத்தாள்.

கருப்பாத்தாளின் முகம் வீங்கி, மூக்குத்தி சதைக்குள் அமுங்கியிருந்தது. கன்னத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். வாய் மட்டும் அப்படியே இருந்தது, யாரையோ கிண்டல் பண்ண ஆரம்பித்து நிறுத்தினாற்போல. அவன் சேலையின் மடிப்பை உதறிப் பிரித்து, காலிலிருந்து கழுத்துவரை போர்த்தினான். கழுத்தருகே சுருக்கத்தை நீவிவிட்டான். கடைக்காரர் எடுத்துப்போட்டதை வாங்கி வந்த சேலை. என்ன நிறமென்றே அவன் அப்போதுதான் பார்த்தான். மாந்தளிர் நிறம். அவளுக்கு எடுப்பாய் இருந்தது.

"அக்கா, வந்துட்டேன்," என்றான். அவள் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். யாரும் அவனைத் தூக்கிவிடவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பிள்ளை இல்லாததால் ஆறுச்சாமியே கொள்ளிச் சட்டி எடுத்தார். ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தவர், சந்துப் பக்கம் பார்த்துவிட்டு அப்புசாமியைத் தேடினார்.

"மாப்பள, வண்டி நடுவுல நிக்குது. கொஞ்சம் நகத்தோணும்."

அப்புசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். ஆறுச்சாமியும் சட்டியைக் கையில் பிடித்தபடி கூடவே வந்தார். ஸ்டாண்டு மண்ணில் புதைந்திருந்தது. அப்புசாமி வண்டியைத் தூக்கி நிமிர்த்தி வேலியோரமாய்த் தள்ளினான். சாய்த்து வைத்தால் நிற்காது போலிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப நல்லா ஓடுதா?" என்றார் ஆறுச்சாமி.

"ஓடுதுங்க மச்சான்."

"வழியில நிக்கறதில்லயே?"

"இல்லீங்க. நிக்காம ஓடுது."

ஆறுச்சாமி சட்டியிலிருந்து எழுந்த புகையை விலக்கிவிட்டு, வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "உன்ற காகிதத்த எல்லாம் என்னையப் படிக்கச் சொல்லிக் கேப்பா. நேத்துப் பொழுதோடகூடக் கேட்டா, தம்பிக்கு வண்டி சரியாயிருச்சாமான்னு. எனக்கென்ன தெரியும்னுட்டேன்." சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உள்ள போனியே, அவகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க மச்சான்."

"சொல்லீரு. இப்ப இப்படித்தான் வருவா."

அவர் முன்னால் நடந்துபோய்ச் சந்து முனையில் நின்றுகொண்டார். பின்னால் தப்பட்டை மறுபடி முழங்கியது. நாலு பேர் தோளில் பாடை அசைந்து அசைந்து வந்தது. சந்து குறுகல். மூங்கில் முனை கைப்பிடியில் இடிக்காமலிருக்க அப்புசாமி வண்டியை இன்னும் நெருக்கி வேலியோடு அணைத்தான். பாடை அவனுக்கு நேரே வந்தபோது ஏதோ சொன்னான். தப்பட்டைச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை. பாடை தாண்டிப் போயிற்று. எஞ்சினின் சூடு முழங்காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவன் வண்டியை விடாமல் பிடித்தபடி நின்றான்.